மரத்தில் நிற்கிற இலைக்கு என்ன செலவு

சிவசைலத்திடம் ஒரு தேங்காயை விற்றுவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் தென்காசியில் யாரும் கிடையாது. விலையைக் குறைக்கச் சொல்லிக் கழுத்தை அறுக்கிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. குறைக்கச் சொல்லவே மாட்டார். போன வாரம் இந்த விலை இல்லையே, ஏன் ஏறியது என்று கேட்பார். வெட்டுக்கூலி ஏறிவிட்டது என்றால் எந்தத் தோப்பில், யாருக்கு, ஏன் என்று கேட்பார். லாரி வாடகை என்றால், செங்கோட்டைக்குத் திரும்புகிற லாரி வெறுமனே போகிறதா, எதையாவது ஏற்றிக்கொண்டு போகிறதா என்று கேட்பார். தேங்காய் மண்டி பரீது ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “அண்ணாச்சி, துட்டு கூடத் தர வேண்டாம், இந்தக் கேள்வியக் கேக்காம எடுத்துட்டுப் போங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் இருந்த தில்லைநாயகம் பிள்ளையின் சாப்பாட்டு ஓட்டலுக்குச் சரக்கு எடுப்பது சிவசைலத்தின் வேலை. விடிவதற்குள் தென்காசியிலிருந்து சைக்கிளில் கிளம்பிவிடுவார். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் சணல் பை தொங்கும். சாரல் அடித்தால் தலையில் ஒரு யூரியாப் பையைக் கவிழ்த்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவருக்கு அதெல்லாம் கண்ணிலேயே படாது. மண்டைக்குள் ஏதாவது ஒரு சரக்கின் விலை ஓடிக்கொண்டிருக்கும்.

“வெலை தானா ஏறாது. பின்னால நின்னு எதுவோ ஒண்ணு தள்ளுது. தள்ளுறது எதுன்னு கண்டுபிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது” என்பார். எல்லாச் சரக்கையும் ஒரே மூட்டையாகப் பார்க்கிறவன் முட்டாள் என்பதும் அவர் கட்சி. அரிசிக்கு ஒரு குணம், பாலுக்கு ஒரு குணம், விறகுக்கு ஒரு குணம். அரிசி விலையைத் தள்ளுவது அறுவடை. விறகு விலையைத் தள்ளுவது எது என்று ஒரு வருஷம் முழுக்கத் துருவிப் பார்த்தார். கடைசியில் தண்ணீர் என்று சொன்னார். சாரல் காலத்து விறகில் பாதி ஈரம். எடை போடும்போது அந்த ஈரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. அடுப்பில் வைத்தால் அதை வற்ற வைக்கவே பாதி விறகு எரிந்துபோகிறது. ஆகவே பங்குனி வெயிலிலேயே விறகை வாங்கி, பின்கட்டில் ஓலைக் கொட்டகை போட்டு அடுக்கச் சொன்னார். பங்குனியில் பிள்ளை இதைக் கேட்டுச் சிரித்தார். ஆனியில் பக்கத்து ஓட்டல் அடுக்களைகளெல்லாம் புகைந்து, சமையல்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றபோது, பட்டுக்கரை வேட்டி ஒன்று வாங்கிச் சிவசைலத்தின் கையில் கொடுத்தார்.

அந்த வேட்டியோடு கொஞ்சம் கர்வமும் வந்து சேர்ந்தது. வராமல் என்ன செய்யும்? நாற்பது வயது வரைக்கும் மண்டிக் கணக்குப்பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றவரை, இப்போது ஓட்டல் முதலாளிகள் வழியில் நிறுத்தி யோசனை கேட்டார்கள்.

பிள்ளை ஓட்டலில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. சித்திரை முதல் நாளான விசுவன்று, சீசனுக்குச் சரக்குக் கொடுக்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, வெற்றிலையில் ஒரு ரூபாயை வைத்துக் கொடுப்பார்கள். விசு வெற்றிலை வாங்கியவர், ஆனி பிறந்து ஆவணி முடிகிறவரை பேசிய விலைக்குப் பேசிய சரக்கைக் கொடுத்தாக வேண்டும். அருவியில் வெள்ளம் புரண்டு ஊரே திரண்டு வந்தாலும் விலையை ஏற்றக் கூடாது. அதேபோல, அருவி வற்றி மேஜைகளில் ஈ ஓட்டினாலும் பேசிய சரக்கை ஓட்டல் எடுத்தாக வேண்டும். பிள்ளையின் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

வாழையிலை கொடுப்பதற்கு வெற்றிலை வாங்குகிறவன் சொரிமுத்து, கடையத்துக்காரன். எழுபத்து நாலில் அவனைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவரே சிவசைலம்தான். சந்தையில் இலை நல்ல விலைக்கு விற்ற வருஷம் அது. தோட்டக் கூலியாக இருந்தவனை ஒரு நிலக்காரரிடம் கூட்டிக்கொண்டு போய், “இவனுக்குக் குத்தகைக்குக் குடுங்க. வாழ போடட்டும். இலைய எடுக்குறதுக்கு நான் பொறுப்பு” என்று சொல்லி முடித்துவைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சீசனிலும் ஐந்து கட்டு இலை தினமும் கடையத்திலிருந்து பஸ் மேலே ஏறி வந்து இறங்கும். சொரிமுத்து அந்தத் தோட்டத்தை வைத்துத்தான் கல்யாணம் செய்துகொண்டான். முதல் பெண்ணுக்குப் பெயர் வைக்கச் சிவசைலத்தைத்தான் கூப்பிட்டான். அகிலாண்டேஸ்வரி என்று வைத்தார்.

எண்பத்தொன்றில் விலைவாசி எல்லோரையும் ஆட்டிவைத்தது. குற்றாலத்தில் புது ஓட்டல்கள் வேறு முளைத்தன. பிள்ளை கல்லாவில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

“வே சைலம், விறகுல ஒரு வழி பண்ணினீரே, அது மாதிரி இன்னொண்ணு பாரும்வே. இல்லன்னா அடுத்த வருசம் நான் கடைய இழுத்து மூட வேண்டியதுதான்” என்றார்.

சிவசைலம் ஒவ்வொரு சரக்காக எடுத்துக் கிண்டினார். இலையில் வந்து நின்றார். பின்கட்டில் ஒரு காட்சி அவரை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. கூட்டம் இல்லாத நாட்களில் கட்டுப் பிரிக்காத இலையை, கிழிசல் இல்லாத நுனி இலையை, மாடுகள் நின்று தின்றுகொண்டிருக்கும். இலையின் விலை கூடுதல் இல்லை. மாடு தின்கிற இலைதான் செலவைக் கூட்டுகிறது. மாடு ஏன் தின்கிறது? கூட்டம் வரவில்லை. கூட்டம் ஏன் வரவில்லை? அருவியில் தண்ணீர் இல்லை. ஆக, இலைச் செலவைத் தள்ளுவது அருவி. இதைக் கண்டுபிடித்த அன்று அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

வழியும் உடனே கிடைத்துவிட்டது. விடியற்காலையில் பேரருவியைப் போய்ப் பார்ப்பது. தண்ணீர் அருவியடியில் கட்டியிருக்கிற ஆர்ச்சைத் தொட்டு விழுந்தால் ஐந்து கட்டு, பாறையோடு ஒட்டி வடிந்தால் இரண்டு. கடையம் போகிற முதல் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டால், சொரிமுத்து அதை மட்டும் வெட்டி ஒன்பது மணி பஸ்ஸில் போட்டுவிடுவான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் இலை வந்துவிடும்.

வீட்டில் குழல்வாய்மொழியிடம் இதை விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

“அப்ப வெட்டாத இலை?” என்றாள்.

“அது பாட்டுக்கு மரத்துல நிக்கும். மரத்துல நிக்கிற இலைக்கு என்ன செலவுங்கேன்?”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கணக்கில் இவரிடம் வாய் கொடுத்து மீளமுடியாது என்பது கல்யாணமான புதிதிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

அந்த விசுவுக்குச் சொரிமுத்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். சிவசைலம் அவனைத் தனியாக அழைத்துப்போய், “கோவிச்சுக்கிடாத சொரிமுத்து. இந்த வருசம் ஒனக்கு வெத்தலை கெடையாது. இலைய எடுக்காம விடமாட்டோம். நான் தண்ணியப் பாத்துட்டுக் கண்டக்டர்ட்ட சொல்லி விடுதேன், அத மட்டும் நீ வெட்டினாப் போதும். கட்டுக்கு நாலணா கூடப் போட்டுத் தரச் சொல்லுதேன்” என்றார்.

சொரிமுத்து வெற்றிலை வாங்க நீட்டின கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“அண்ணாச்சி எதையும் யோசிக்காமச் சொல்லமாட்டிய. எனக்குச் சம்மதந்தான்” என்றான்.

அந்த ஆனியில் திட்டம் அமோகமாக நடந்தது. பிள்ளை போகிற வருகிறவர்களிடமெல்லாம் சிவசைலத்தின் மூளையைப் பற்றிச் சொன்னார். பின்கட்டு மாடுகளுக்கு மட்டும்தான் வயிறு வாடியது. அருவியும் அந்த மாதம் மனம்போன போக்கில் விழுந்தது. இரண்டு நாள் கொட்டும், நாலு நாள் நூலாக வடியும். சிவசைலம் அதற்கெல்லாம் அசரவில்லை. அது கொட்டினால் ஐந்து, வடிந்தால் இரண்டு.

ஆடியில் ஒருநாள் வெள்ளம் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. ஊரில் கால் வைக்க இடமில்லை. ஐந்து கட்டுக்குச் சொல்லிவிட்டிருந்தார். ஒன்பது மணி பஸ்ஸில் ஒரே ஒரு கட்டு வந்து இறங்கியது. கண்டக்டர், “அம்புட்டுதான் இருக்காம்” என்று சொல்லிவிட்டு விசில் அடித்துவிட்டார். சிவசைலத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கூடுதல் விலைக்கு ஆசைப்பட்டு வேறு எவனுக்கோ விற்றுவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கடையத்துக்குப் போனார்.

தோட்டத்து வரப்பில் ஏறி நின்று பார்த்தார். ஆடிக் காற்று வயலைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாழையிலும் இலை நார் நாராகக் கிழிந்து தொங்கியது. ஒரு மரம் பாக்கியில்லை.

சொரிமுத்து அரிவாளோடு வந்து பக்கத்தில் நின்றான். “விரிஞ்ச ரெண்டாம் நாள் வெட்டிரணும் அண்ணாச்சி. நின்னா இந்தக் காத்து சும்மா விடுமா? கிழிஞ்ச இலைய எவன் எடுப்பான்?” என்றான். அவன் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதுதான் சிவசைலத்தை உலுக்கிவிட்டது.

“ஏலே, இத விசு அன்னைக்கே சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

“நீங்க வெவரம் தெரிஞ்சவுக. இது உங்களுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சுதான், அதுக்கும் ஏதோ வழி வச்சிருக்கியன்னு நெனச்சேன்.”

சிவசைலத்துக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஊரில் உள்ளவனையெல்லாம் ஏன், எதற்கு என்று துளைத்தெடுத்த மனிதர், இந்த ஒரு தோட்டத்தை மட்டும் ஆடி மாதத்தில் வந்து எட்டிப்பார்க்கவில்லை. மாடு தின்ற இலையைப் பார்த்தார், காற்று தின்னப்போகிற இலையைப் பார்க்கவில்லை. தினமும் ஐந்து கட்டு எடுத்ததால்தான் தோட்டம் தோட்டமாக நின்றது என்பதும், அந்த மாடுகளின் வயிற்றுக்குள் போனது வீண் இல்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தை மாதம் குத்தகை புதுப்பிக்க வேண்டும். இப்படியே போனால் இவனால் முடியாது. இவனுக்காக நிலக்காரரிடம் வாக்குக் கொடுத்தவர் யார்? பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதுவே மனசைக் குடைந்தது.

அன்று சாயங்காலமே பிள்ளை முன்னால் போய் நின்றார்.

“மொதலாளி, இலை விசயத்துல நான் போட்ட கணக்கு தப்பு. பழையபடி வெத்தலையே குடுத்துருவோம். இல்லன்னா தோட்டம் அழிஞ்சு போயிரும்.”

பிள்ளை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “தப்பா? கையில மிச்சம் நிக்குதேவே, அப்புறம் எப்படித் தப்பாகும்?”

“வெட்டாத இலைக்கும் செலவு இருக்கு மொதலாளி. காத்துல கிழிஞ்சு போகுது.”

“இருக்கட்டும். அது அவன் செலவுவே. நம்ம செலவு இல்லையே.”

செலவு எங்கேயும் ஒழிந்துபோகவில்லை, இங்கிருந்து தள்ளி அவன் தலையில் ஏற்றியிருக்கிறோம், தள்ளினவன் நான்தான் என்று சிவசைலம் சொல்ல நினைத்தார். கடைசியில், “வெள்ளம் வந்து கூட்டம் கூடுற அன்னைக்கு இலை கெடைக்காதே, இன்னைக்குப் பட்ட பாடு தெரியுமே” என்றார். முதலாளிக்கு உறைக்கிற பாஷை அது ஒன்றுதான் என்று நம்பினார்.

உறைக்கத்தான் செய்தது. அடுத்த வாரமே பிள்ளை திருநெல்வேலிக்குப் போய் எவர்சில்வர் தட்டுகள் வாங்கிவந்துவிட்டார். தட்டுக்குள் அடங்குகிற அளவுக்கு இலையை வட்டமாக நறுக்கிப் போட்டால் போதும், ஒரு இலையில் நாலு பேர் சாப்பிடலாம். கிழிந்த இலையைக்கூடச் சமாளித்து நறுக்கலாம். “நீரு சொல்லலேன்னா எனக்குத் தோணியிருக்காதுவே” என்று சிவசைலத்தின் முதுகில் தட்டினார். சிவசைலம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

மற்ற ஓட்டல்களில் இலையைத் தள்ளிவிடலாம் என்று சொரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவி வரைக்கும் ஏறி இறங்கினார். போன இடமெல்லாம் சிரித்தார்கள். “அண்ணாச்சி, உங்க கணக்கத்தான் நாங்களும் இப்பப் புடிச்சிருக்கோம். தண்ணியப் பாத்துட்டு வாங்கிக்கிடுதோம்” என்றார்கள். ஒருவர் அவரை உட்காரவைத்துக் காப்பியே கொடுத்தார். கூட வந்த சொரிமுத்து தனக்குக் கொடுத்த காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

தையில் தோட்டம் கைவிட்டுப் போனது. நிலக்காரர் வாழையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கரும்பு போட்டார். சொரிமுத்து குடும்பத்தோடு குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில், சுவரை ஒட்டி இறக்கிய ஒரு சாய்ப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வேறு போக்கிடம் இல்லாமல் ஓட்டலுக்கே வேலை கேட்டு வந்தான். மேஜை துடைக்கிற வேலை.

நல்ல யோசனை என்று ஒன்று முதலாளி கையில் அகப்பட்டுவிட்டால் அதற்கு ஓய்வே கிடையாது. பாலுக்கும் வெற்றிலை நின்றது, காய்கறிக்கும் நின்றது. எண்பத்திரண்டு சீசனில் ஆட்களுக்கே வந்துவிட்டது. மாசச் சம்பளம் எதற்கு, கூட்டத்துக்குத் தகுந்தமாதிரி காலையில் ஆள் எடுத்தால் போதாதா என்று பிள்ளைக்குத் தோன்றிவிட்டது. யார் தண்ணீரைப் பார்க்கிறாரோ அவரே ஆளையும் எடுக்கட்டும் என்றார். அதாவது, நம்ம சிவசைலம்.

விடிந்ததும் ஓட்டல் வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். சிவசைலம் அருவியைப் பார்த்துவிட்டு வந்து, நீ வா, நீ வா, நீ நாளைக்குப் பாரு என்று சொல்ல வேண்டும். அந்த வரிசையில் சொரிமுத்துவும் நிற்பான். முதல் கொஞ்ச நாள் அவனை எப்போதும் உள்ளே கூப்பிட்டார். மற்றவர்கள் முறைத்தார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. அப்புறம் முறை வைத்துக் கூப்பிட்டார். அவன் முறை இல்லாத நாளில் அவன் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு கையை மட்டும் அசைப்பார்.

“வேலைய விட்டிருங்க. இப்படித் தூங்காம எத்தன நாளைக்குக் கெடப்பிய?” என்று குழல்வாய்மொழி சொன்னாள்.

“விட்டுட்டா? தண்ணியப் பாக்க வேற ஒருத்தன் வருவான். அவன் சொரிமுத்துவ முறைக்குக்கூடக் கூப்பிடமாட்டான்.” அது உண்மைதான். ஐம்பது வயதில் தன்னை வேறு எவன் வேலைக்கு எடுப்பான், தன் வீட்டிலும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். இதில் எந்த உண்மை தன்னை அந்த வாசலில் கட்டிப்போட்டிருக்கிறது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

அந்த வருஷம் சாரல் ஏமாற்றியது. ஆடி பிறந்தும் மலையில் மேகம் தங்கவில்லை. அருவி பாறையில் ஒட்டிக்கொண்டு வடிந்தது. வாசலில் நிற்கிற ஆட்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. தண்ணீரைப் பார்க்கப் போகிறபோதெல்லாம் சிவசைலம் குற்றாலநாதரை வேண்டிக்கொள்வார். எதையும் தமக்கென்று கேட்டுப் பழகாத மனிதர், இப்போது கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

அப்போதுதான் கவனித்தார். தண்ணீர் இல்லாத நாட்களில் சொரிமுத்து வாசலுக்கே வருவதில்லை. உடம்புக்கு ஏதோ என்று முதலில் நினைத்தார். தண்ணீர் நன்றாக விழுகிற நாளில் வந்து நிற்கிறானே!

ஒருநாள் வழக்கத்துக்கு முன்னதாகவே அருவிக்குப் போனபோது, அவன் அங்கே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இங்கன என்னலே செய்யுத? நேத்து ஏன் வரல?”

சொரிமுத்து எழுந்து துண்டை இடுப்பில் கட்டினான். “நேத்து தண்ணி கம்மியாத்தான விழுந்துச்சு அண்ணாச்சி.”

“கம்மியா இருந்தா என்ன, வந்து நிக்கணும்லா?”

“வந்து நின்னா நீங்க போன்னு சொல்லணும். சொல்லுதப்ப உங்க மொகத்த என்னால பாக்க முடியல. அதான் நானே வந்து பாத்துட்டு, தேவப்படாதுன்னு தெரிஞ்சா இப்படியே தென்காசிக்குப் போயி மூட கீட தூக்குதேன். ஒங்களுக்கும் செரமம் இல்ல.”

சிவசைலம் அருவியைப் பார்த்தார். அன்றைக்கும் தண்ணீர் இல்லை. நாலைந்து பேர் பாறையோரம் தலையை நனைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னைக்கு வா. நான் சொல்லுதேன், வா” என்றார். “மொதலாளி என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்.”

சொரிமுத்து ஒருமுறை திரும்பி அண்ணாந்து பார்த்தான்.

“இந்தத் தண்ணிக்கு மூணு ஆளு போதும் அண்ணாச்சி. இன்னைக்கு என் முறையும் இல்ல. நான் உள்ள வந்தா இன்னொருத்தன நீங்க திருப்பி அனுப்பணும்” என்றான். சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தென்காசி ரோட்டில் இறங்கி நடந்தான்.

அவன் சொன்ன கணக்கில் ஒரு பிழையும் இல்லை. சிவசைலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட்டலுக்குப் போனார். வாசலில் ஆறு பேர் நின்றார்கள். மூன்று பேரை உள்ளே கூப்பிட்டார்.